சம்மனசின் கால்விரல்

அன்பு மகனுக்கு,

ஆசீர்வாதத்தை இந்தத் தடவை கடைசியில் வைத்திருக்கிறேன். முதலிலேயே கொடுத்துவிட்டால் மீதிக் கடிதத்தைப் படிக்காமல் நீ போய் முழந்தாளில் நின்றுவிடுவாய் என்று பயம். நாற்பது நாளாக அங்கே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய். உன் கடிதம் நேற்று வந்தது. அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில், பீடத்துக்குப் பின்னால் பெரிய சுவர், அதில் ஆண்டவர் படகில் நிற்க, சீடர்களின் வலை கிழிகிற அளவுக்கு மீன் விழும் படம். இருபத்துநாலு வயதுப் பையனை நம்பி இத்தனை பெரிய சுவரைக் கொடுத்திருக்கிறார்களே என்று சவரக்கடையில், டீக்கடையில், பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ என்ன எழுதியிருக்கிறாய்? சுவர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது, ஒரு கோடு போடவில்லை, ஒருசந்தி நோன்பு இருந்தும் செபித்தும் ஒன்றும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொல்லிவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடப் போகிறாய், பட்டுக்கோட்டை மருந்துக்கடை ஒன்றில் ஆள் கேட்கிறார்கள். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது: ‘உங்களுக்குக் கிடைத்த தரிசனம் எனக்குக் கிடைக்கவில்லை அப்பா. எனக்கு அழைத்தல் இல்லை.’

சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்ததும் உன் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வையை நான் மூன்று தடவைதான் வாங்கியிருக்கிறேன். “புள்ளைக்கு நீங்களே எழுதுங்க. பாதி எழுதாதீங்க, முழுசா எழுதுங்க” என்றாள். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் சின்னப்பன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். பதினெட்டு வருஷமாக ஒட்டி வைத்திருந்ததை எப்படியும் ஒரு நாள் திறக்கத்தான் வேண்டும்.

நீ அப்போது ஆறு வயதுப் பையன். சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக மாறியிருந்த காலம் அது. உன் அப்பன் அந்தச் சுவர்களின் சக்கரவர்த்தி. காலையில் ஆளுங்கட்சிக்கு எழுதுவேன், மத்தியானம் எதிர்க்கட்சிக்கு எழுதுவேன், வெயில் தாழ்ந்ததும் செங்கொடிச் சங்கத்துக்கு எழுதுவேன். ‘கடவுள் இல்லை’ என்றுகூட ஒரு சுவரில் எழுதிக்கொடுத்திருக்கிறேன், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு. கட்சிக்காரர்களுக்கு என்மேல் வருத்தமே கிடையாது. எழுத்து நேராக இருந்தால் போதும், எழுதுகிறவன் நேராக இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இதெல்லாம் வயிற்றுக்கு, நான் உண்மையில் ஒரு கிறிஸ்தவ ஓவியன், ஆண்டவர் ஒரு நாள் என்னைக் கூப்பிடுவார் என்று. கூப்பிட்டவர் ஆண்டவர் இல்லை, பெரிய பண்ணை.

பெரிய பண்ணையை உனக்கு ஞாபகம் இருக்கும், கோயிலில் முதல் வரிசையில் தனி நாற்காலி போட்டு உட்காருவாரே, அவர்தான். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது சித்தி, சகலை, சமையல்காரன் எல்லார் பெயரிலும் நிலத்தை எழுதிவிட்டு, ஆள் தீர்ந்துபோய் வண்டிமாட்டுக்கும் ஞானஸ்நானப் பெயர் வைத்து ஒரு மா நிலம் எழுதினார் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்பினேன். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தும் அவர் நிலத்தில் ஏர் இறங்கவில்லை. கூலி நெல்லை ஏற்றிக் கேட்டு ஆட்கள் வேலை நிறுத்தம். முன்னால் நின்றவர்களில் ஒருவர் உன் மாமா சின்னப்பன். பண்ணை என்னைக் கூப்பிட்டு, கோயிலுக்கு ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். ஏர் பிடித்த புனிதர் ஒருவரின் கதை உனக்குத் தெரியும். அவர் செபத்தில் முழந்தாளிட்டிருக்க, அவருக்குப் பதிலாக ஒரு சம்மனசு இறங்கி வந்து வயலை உழுததாம். உங்கள் புதுப் பாஷையில் வானதூதர், எங்களுக்குச் சம்மனசுதான். “படம் திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள கோயில்ல இருக்கணும். செபம் பண்றவனுக்கு ஆண்டவரே ஆள் அனுப்புவாருன்னு இந்த ஊருக்குப் புரியணும்” என்றார். யாருக்குப் புரிய வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. நாத்தாங்காலில் பிறந்தவன் நான், எனக்குப் புரியாதா? புரியாதது மாதிரி வீட்டுக்கு வந்தேன். இது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு செபம். சிரிக்காதே. இருபத்தோரு நாள் ஒருசந்தி இருப்பது, ஆவியானவர் என் கையைப் பிடித்து வரைவிக்கும் வரைக்கும் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். காபி ஆகாரமா பானமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் “உம்ம மனசாட்சிக்குத் தெரியும்” என்றார். என் மனசாட்சி காபியைப் பானம் என்றது, பிறகு பிஸ்கட்டையும் பானம் என்றது. அந்த ஒருசந்தியில் எனக்கு ஒரு சுற்றுச் சதை போட்டது. படத்துக்காகக் கட்டிய வெள்ளைத் துணிக்கு முன்னால் முழந்தாளில் இருப்பேன், கண்ணை மூடுவேன், குறட்டை விடுவேன். உன் அம்மா வாய்க்காலுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டு, “கும்பிட்டது போதுங்க. எந்திரிச்சுப் போய் ஒரு மாட்டைப் பாருங்க” என்பாள். “உனக்கு விசுவாசம் இல்லை” என்பேன். நிஜத்தைச் சொல்லவா? எனக்குப் பயம், தம்பி. சுவரில் கட்சிச் சின்னம் போடுகிறவனுக்கு மாடு வரைய வராது. அதை ஒப்புக்கொள்வதைவிட முழந்தாள் வலிப்பது சுகமாக இருந்தது. நீ அங்கே எந்தச் சுகத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கிறேன், அவ்வளவுதான்.

இருபத்தோரு நாளும் முடிந்ததும் பதறிப்போய், வேளாங்கண்ணியில் வாங்கிய வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்து நாலு நாளில் இழுத்துத் தள்ளினேன். அந்தச் சீமை மாட்டுக்குத் திமில் கிடையாது. நம்மூர் மாடாக இருக்கட்டும் என்று நானாக ஒரு திமில் வைத்தேன். ஈரம் காய்வதற்குள் பண்ணையின் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்க் கோயில் முன்மண்டபத்தில் சாத்தி வைத்துவிட்டார்கள். அன்று காலைப் பூசை முடிந்து ஆட்களெல்லாம் வெளியே வந்தார்கள். வேலை நிறுத்தம் ஆதலால் அவசரமாகப் போக யாருக்கும் வயல் இல்லை. நின்று நிதானமாகப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் பணிவாக நின்றுகொண்டிருந்தேன், பாராட்டு காதில் விழுகிற தூரத்தில்.

முதலில் சின்னப்பன்தான் வாயைத் திறந்தார். “மச்சான், இது எந்த ஊரு மாடு? நம்ம பக்கம் மொட்டை மாடுதானே, கன்னுலயே கொம்பைச் சுட்டுருவமே. இது கொம்பை வச்சுக்கிட்டு ஆளைக் குத்த வருது?”

“ரோமாபுரி மாடு” என்றேன்.

“அங்கல்லாம் நுகத்தடிய திமிலுக்குப் பின்னாடிதான் வைப்பாங்களா?”

பார்த்தேன். ஆமாம். நுகத்தடியைத் திமிலுக்கு முன்னால், கழுத்தில் வைப்பதற்குப் பதிலாக, முதுகில் வைத்திருந்தேன். நடவுக்காரி பாக்கியம், அவள் நாக்கு உனக்குத் தெரியுமே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “மாடு ஒரு எட்டு வச்சா நுகத்தடி முதுகோட உருண்டு வாலுல வந்து நிக்கும். சம்மனசு குனிஞ்சு பொறுக்கிக்குவாரு” என்றாள். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே கிட்டே போய்ப் படத்தின் அடியை உற்றுப் பார்த்தாள். சிரிக்காமல் கேட்டாள்: “ஏண்ணே, இவரு காலு சேத்துல படவே இல்லியே. மெதக்குறாரு. மெதந்துகிட்டே ஏர் ஓட்டுனா மேழிப்புடியை அமுக்குறது யாரு?”

நானும் குனிந்து பார்த்தேன். அந்தப் படத்தில் நான் சொல்ல வந்த பொய் முழுவதும் அந்தக் கால்களுக்கும் சேற்றுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியில் இருந்தது. நீங்கள் இல்லாமலே உழவு நடக்கும், காலில் சேறு படாமல் நடக்கும் என்று, உழுகிறவர்களைப் பார்த்து, உழுகிறவன் பிள்ளை நான் வரைந்திருக்கிறேன். படத்தைச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். “தீர்க்கதரிசியை அவன் சொந்த ஊரில் மதிக்க மாட்டார்கள்” என்று உன் அம்மாவிடம் சொன்னேன். “தீர்க்கதரிசிக்கு நுகத்தடி எங்க வைக்கணும்னு தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

கொடியேற்றத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு எதிரே வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அங்கேதான் உன் மாமாவின் சொந்தக் குத்தகை நிலம், இரண்டு மா. வேலை நிறுத்தம் பண்ணைக்குத்தானே, தன் நிலத்தையும் பக்கத்துக் குத்தகைக்காரர்களின் நிலத்தையும் அவர் மாறி மாறி உழுதுகொண்டிருந்தார். இருபத்தைந்து நாளாக, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஏர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பார். “மச்சான், படம் போடணும்” என்றேன். “முதல்ல புடிச்சுப் பாரு, அப்புறம் போடு” என்று மேழியை என் கையில் கொடுத்தார். நான் அதை சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தேன். மாடு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது. பிறகு நான் சேற்றில் இருந்தேன், வாய் உட்பட. கரையில் நின்ற பாக்கியம், “இப்ப கால் பட்டுருச்சு, மூஞ்சியும் பட்டுருச்சு” என்றாள்.

அன்றிலிருந்து பத்து நாள் வரப்பில் உட்கார்ந்தேன். சாக்கு விரித்து, பலகையில் காகிதம் குத்தி, கரித்துண்டால் வரைந்தேன். மாடு எங்கே எடையைப் போடுகிறது, கழுத்து எப்படி இறங்குகிறது, ஒரு கை மேழியை அமுக்கும்போது மற்றத் தோள் எப்படிச் சாய்கிறது, எல்லாவற்றையும் நூறு தடவை தப்பாக வரைந்தேன். முதுகு பிளந்தது. செபிக்க நேரமே இல்லை. காலையில் கரித்துண்டை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’, அதோடு சரி. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மாமா ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறித் தண்ணீர் குடித்தார். அவர் கால் என் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. பித்தவெடிப்பில் சேறு ஏறி, வலது காலில் இரண்டாவது விரல், பெருவிரலுக்கு அடுத்தது, ஏர்க்கொழு இடித்து எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. அந்த மனிதரோடு எத்தனை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காலை அன்றைக்குத்தான் பார்த்தேன். கை தானாக வரைந்தது. துண்டால் கண்ணைத் துடைத்தேன். “என்ன மச்சான், தூசா?” என்றார். “ஆமா” என்றேன், சேற்று வயலில்.

கோயிலில் இப்போது இருக்கும் படம் அதுதான். கொம்பில்லாத மாடு, கழுத்தில் நுகத்தடி, சம்மனசு கணுக்கால் வரை சேற்றில். ஒரு கால் மட்டும் மேலே எடுத்து அடுத்த எட்டு வைக்கப் போகிறார், சேறு வழிகிற அந்தக் காலில் கோணல் விரல். பண்ணை வந்து பார்த்தார். முகம் கறுத்தது. “என்னய்யா இது? சம்மனசுக்குப் பித்தவெடிப்பா? விரல் ஏன் இப்படி இருக்கு? எவன் காலு இது?” என்றார். அந்த எவன் பத்தடி தள்ளித் தரையில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அப்போது என் வாயிலிருந்து வந்ததுதான் மூன்றாவது தப்பு: “ஐயா, செபத்துல கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தரிசனத்துல இப்படித்தான் தெரிஞ்சுது.” பங்குச் சாமியார் படத்தைப் பார்த்தார், குனிந்து மாமாவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தரிசனம்னு சொல்றாரே, அதை நாம எப்படி மாத்தச் சொல்றது?” என்று பண்ணையிடம் சொல்லிவிட்டு, இருமல் வந்தது போல உள்ளே போய்விட்டார். பண்ணைக்கு வேறு வழியில்லை. இரண்டு அடி எடுத்துவைத்துக் கீழே பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். கூலிக்காரன் காலை அவர் என்றைக்குப் பார்த்தார்? பாக்கியம் மட்டும் படத்துக்கு முன்னால் குனிந்து அந்தக் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இப்ப சரி. ஆனா இவருக்கும் கூலி குடுக்கணும்.” அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் தாசில்தார் முன்னால் கூலி ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். படத்தால் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொய்க்கே இத்தனை பாடு.

பொய் அன்றோடு போயிருக்கலாம். அது வளர்ந்தது. தரிசனம் கண்ட ஓவியன் என்று குத்தாலம் வரைக்கும் கோயில்களில் கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை, கொஞ்சம் தாடிகூட வளர்த்தேன். கொழுப்பு ஏறி, பார்ப்பதையும் விட்டேன், செபத்தையும் விட்டேன். ஒரே வருஷத்தில் பன்னிரண்டு சப்பரங்களுக்குப் படம் போட்டேன், கைப்பழக்கத்தில். உன் அம்மா பார்த்துவிட்டு, “இந்தப் புனிதருக்கெல்லாம் சர்க்கரை வியாதி வந்த மாதிரி ஏங்க இருக்கு?” என்றாள். அவள் சொன்னது சரி. வேலை மட்டும் போதும் என்று நினைத்தால் அது இன்னொரு வகைத் தூக்கம், தம்பி. அதிலும் குறட்டை வரும்.

உனக்குச் செய்ததுதான் பெரிய தப்பு. பத்து வயதில் நீ படத்தைக் காட்டி, “சம்மனசு விரல் ஏம்ப்பா கோணலா இருக்கு?” என்று கேட்டாய். தரிசனக் கதையைத்தான் உனக்கும் சொன்னேன். உன் கண் அப்படி விரிந்தது, உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. அதே வருஷம், செபமாலை சொல்லும்போது பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பாக்கியம் வீட்டு எருமையை நீ வரைந்துகொண்டிருந்தாய். நறுக்கென்று குட்டினேன். செப நேரத்தில் எருமையா என்று கத்தினேன். அந்த அட்டையை உன் அம்மா கிழித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். நேற்று எடுத்துக் காட்டினாள். தம்பி, அந்த எருமை தண்ணீரிலிருந்து எழுந்திருக்கிறது. முன்கால் எழுந்தாயிற்று, பின்பாரம் இன்னும் ஏறவில்லை. அதன் அலுப்பு எனக்குத் தெரிகிறது. நம் வீட்டில் அன்றைக்கு ஒழுங்காகச் செபித்தது நீ ஒருவன்தான். குட்டியதற்கு மன்னித்துக்கொள். அட்டையையும் உள்ளே வைத்திருக்கிறேன், மடிக்காமல் எடு.

பிரசங்கம் வைக்கும் யோக்கியதை எனக்கில்லை, பானத்தில் பிஸ்கட் சேர்த்தவன் நான். ஆனாலும் நீ வரைய வேண்டிய அந்தக் கதையைக் கொஞ்சம் பார். ஆண்டவர் வந்தபோது சீடர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீனும் கிடைக்காத வலை, இருந்தும் அலசினார்கள். அவரும் மீனைக் கூடையில் போட்டு நீட்டவில்லை. மறுபடி போட்டுப் பாருங்கள் என்றார். மீன் அவர் கொடுத்தது, தோள் வலி இவர்களுடையது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. உன் செபத்தை நான் விடச் சொல்லவில்லை. காலையில் சொல், சுருக்கமாகச் சொல், பிறகு கரித்துண்டோடு கரைக்குப் போ. வலை இழுக்கிறவன் குதிகாலை மணலில் எங்கே ஊன்றுகிறான் என்று பார். நூறு தடவை தப்பாக வரை. அந்தக் குப்பத்திலும் ஒரு பாக்கியம் இருப்பாள், சிரிப்பாள், சிரிக்கட்டும். அவளிடம் காட்டிவிட்டுச் சுவருக்குப் போ.

ஒன்று மட்டும் எனக்கே இன்னும் தீரவில்லை. அன்றைக்கு நான் சொன்னது எவ்வளவு பொய் என்று பதினெட்டு வருஷமாக யோசிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கண்டேன் என்றது பொய். கண்டது பொய்யில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது அந்தச் சாமியாரும் பாதிப் பொய்க்குத்தான் அபராதம் கொடுத்தார்.

இப்போது ஆசீர்வாதம். கடிதம் கொண்டுவந்தவர் உனக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு மாவுக்குப் பட்டா வாங்கியதிலிருந்து விரல் மூடிய செருப்புப் போடுகிறார், அதனால் நீ கவனித்திருக்க மாட்டாய். நீ மட்டுமா, பண்ணையும் நானும்கூடத்தான். மாமாவிடம் செருப்பைக் கழற்றச் சொல். வலது கால், இரண்டாவது விரல். எழுந்திருக்காமல், கண்ணை மூடாமல், நன்றாகப் பார். பார்த்த பிறகும் உனக்கு அழைத்தல் இல்லை என்று தோன்றினால், மருந்துக்கடைக்கே போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லையென்றால் கரித்துண்டு மாமா பையில் இருக்கிறது. உன் படத்தில் வலை இழுக்க ஒரு ஆள் வேண்டுமே, நிற்கிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறுகிறார். பத்து நாள் இருப்பார்.

முதலில் அவருக்குச் சோறு போடு. பஸ்ஸில் ஒன்றும் சாப்பிட மாட்டார். கூலியைப் பற்றிப் பாக்கியம் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

உன் அப்பா